கடலோர ஆம்புலன்ஸில் இரவுப் பணி: புதிதாகச் சேருவோருக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் ஆம்புலன்ஸ் பணிக்கு வருகிறவர் முதல் வாரத்திலேயே தூரங்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இராசாசி அரசு மருத்துவமனை மேலும் 110 கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஒருவர் மயங்கி விழுந்தால், இராமேசுவரம் ஊருக்குள் கொண்டுவரவே 20 கிலோமீட்டர் ஓட வேண்டும். நகரத்தில் பணி செய்கிறவருக்கு ஒரு கேஸ் என்பது அரை மணி நேரம். நமக்கு அது ஓர் இரவின் பாதி. சிலிண்டரில் எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும், எந்த மணிக்குத் தேநீர் குடிக்கலாம், காலையில் எந்தப் பேருந்தில் வீடு திரும்பலாம் என்பதெல்லாம் இந்தத் தூரத்திலிருந்தே வருகின்றன. மண்டபம், தொண்டி பக்கங்களில் மருத்துவ உதவியாளராகப் பல ஆண்டுகள் இரவு பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 இல் தொடங்கியது. வண்டியில் இருவர்: ஓட்டுநரான பைலட், பின்னால் மருத்துவ உதவியாளர். பணி 12 மணி நேரம், காலை 8 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் நிலையத்தில் வேறு நேரமானால் அதற்கேற்பத் தள்ளிக்கொள்ளுங்கள்.

பணிக்குப் போய்ச் சேருதல்

இந்தக் கடற்கரையில் பணி செய்வோரில் பலர் பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி போன்ற உட்பகுதிகளிலிருந்து வருகிறார்கள். பகலில் இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் தொடர்ந்து ஓடும். இரவு ஏற ஏற அவை குறையும். இரவு 8 மணிக்குப் பணியேற்க வேண்டுமானால் 7 மணிக்கு நிலையத்துக்கு வந்து சேரும் பேருந்தையே உங்கள் பேருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரப் பேருந்தை நம்பி அது வராமல் போனால், பகல் முழுதும் நின்று ஓய்ந்த ஒருவர் உங்களுக்காக இன்னும் ஒரு கேஸுக்குப் போக வேண்டியிருக்கும். அவர் அன்று தாமதமாகத் தூங்குவார், மறுநாள் தூக்கம் கலையாமல் வண்டியில் ஏறுவார்.

வீடு 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், இரவுப் பணி வரும் வாரத்துக்கு மட்டுமாவது நிலையத்துக்கு அருகில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொள்வது நல்லது. வாடகை கையைக் கடிக்கத்தான் செய்யும். ஆனாலும் தினம் மூன்று மணி நேரப் பயணத்தைத் தூக்கத்திலிருந்து கழித்துக்கொண்டு ஆறு இரவுகள் தாங்கிய எவரையும் நான் கண்டதில்லை.

இராமேசுவரம் தீவுக்குள் பணி கிடைத்தவர்கள் பாம்பன் பாலத்தைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 1988 இல் திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இருவழிப் பாதை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இரு சக்கர வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கடலைப் பார்க்கவும் படம் எடுக்கவும் நடுவே வண்டியை நிறுத்துகிறவர்களும் உண்டு. தொடர்வண்டியும் காற்றுக்குக் கட்டுப்பட்டதே. பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறக்கப்படும் வரை, தீவுக்கு வருவோர் சாலையை மட்டுமே நம்பியிருந்தோம். இப்போது தொடர்வண்டி இருக்கிறது என்றாலும் அதன் நேரம் நம் பணி நேரத்தோடு எப்போதும் பொருந்தாது. பாலத்தைப் பேருந்தில் கடப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வண்டியை ஏற்றுக்கொள்ளும் அரை மணி நேரம்

முந்தைய குழுவினர் ‘எல்லாம் இருக்கிறது’ என்று சொன்னாலும் நீங்களே பார்க்க வேண்டும். இதில் நம்பிக்கைக் குறைவு எதுவும் இல்லை. ஓடி ஓடிக் களைத்தவர் கண்ணுக்குச் சில பொருள்கள் தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஆக்சிஜன். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை அழுத்தமானி பார் அலகில் காட்டும் அளவால் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் வாயு இருக்கிறது என்பது கிடைக்கும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி வகை சிலிண்டரில் மானி 150 காட்டினால் 1500 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் அது 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம் வரும். இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு நோயாளியோடு போக மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அப்படியானால் முழு சிலிண்டரே பரமக்குடி தாண்டி எங்கோ காலியாகும். அதற்கும் முன்பே மானி 50 ஐத் தொடும்போது மாற்றியாக வேண்டும். எனவே ரெஃபர், அதாவது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல், என்ற சொல் காதில் விழுந்தவுடனே தேவையான நிமிடங்களைக் கணக்கிட்டு, அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி, அவ்வளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே நோயாளியை ஏற்றுங்கள். போதாவிட்டால் மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று புறப்படாதீர்கள்.

சிலிண்டரைத் திறக்கும் சாவியை ஒரு கயிற்றில் கட்டிச் சிலிண்டர் கழுத்திலேயே தொங்க விடுங்கள். பின்னிரவில், ஆடும் வண்டிக்குள், கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் வெளிச்சத்தில் சாவியைத் தேடும் 40 நொடிகளில் மூச்சு வாங்கும் முதியவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையை ஒரு முறை சந்தித்த பிறகே நான் கயிறு கட்டினேன்.

அடுத்தது உப்பு. இந்தக் காற்றில் இரும்பு எதுவும் அதன் ஆயுளுக்கு வாழ்வதில்லை. கதவுக் கீல், பேட்டரி முனைகள், டார்ச் விளக்கின் சுருள், ஸ்டெச்சரின் சக்கரமும் மடக்குக் காலும் எல்லாம் பூத்துப்போகும். ஒரு முறை கரைவலை இழுக்கும் இடத்தில் திருக்கை முள் குத்திய ஒருவரை ஏற்றப் போனபோது ஸ்டெச்சரின் முன்கால் மடங்கவில்லை. பணியேற்கும்போது நான் அதை இழுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் காரணம். நான்கு பேர் கையால் தூக்கி ஏற்றினோம். வலியில் அவர் கத்தியது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து கடற்கரை மணலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் சக்கரங்களையும் கால்களையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, வாரம் ஒரு முறை எண்ணெய் விட்டு, பணியேற்கும்போது இரு முறை மடக்கி விரித்துப் பார்க்கிறேன். வண்டியை ஒருபோதும் மணலுக்குள் இறக்காதீர்கள். சாலை விளிம்பில் நிறுத்தி ஸ்டெச்சரைத் தூக்கிச் செல்வதே விரைவானது.

எந்த நேரத்தில் எது வரும்

முன்னிரவில் விபத்துகள் அதிகம். மதுரை – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் உச்சிப்புளியை ஒட்டியும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வெளியூர் வண்டிகள் பாதை தெரியாமல் வேகமாக வரும். ஆடி, தை அமாவாசைகளுக்கு முந்தைய இரவுகளில் இராமேசுவரத்தை நோக்கி மக்கள் திரளாக வருவதால் அந்த நாட்களில் விடுப்பு கேட்காமல் இருப்பது உடன் பணிபுரிவோருக்குச் செய்யும் உதவி. விபத்தில் சிக்கியவரின் உறவினர் பணத்தை எண்ணித் தயங்கினால், 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு வரும் அழைப்புகளில் மிகவும் கவனம் தேவைப்படுவது, ‘வயித்து வலிங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்குங்க’ என்று மெல்லிய குரலில் வருவது. அவர் தரையில் படுத்திருந்தாரா என்று கேளுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, தடமும் தெரியாது. வயிற்று வலி, தொண்டை அடைப்பது போன்ற உணர்வு, பிறகு இமை தொங்குதல் என்று போய் விடிவதற்குள் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி இமைகளைக் கவனியுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு (Ambu) பையை எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கயிறு கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் பலகை வைத்து அசையாமல் வைத்து, மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சீமைக் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுவோரைக் கடிப்பது பெரும்பாலும் சுருட்டை விரியன். அங்கே ஈறிலும் காயத்திலும் நிற்காத இரத்தக் கசிவைப் பாருங்கள்.

கடற்கரைக்கே உரிய இன்னொன்றைப் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. வலையிலிருந்து மீனைக் கழிக்கும்போது கடல் பாம்பு கடித்தவர்களுக்கு நம் நாட்டின் பாம்புக்கடி மருந்து பயன்படாது. அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு மட்டுமே செய்யப்பட்டது. கடித்த சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலியும் கருத்த சிறுநீரும் வந்தால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவரைச் சிறிய மருத்துவமனைகளில் நிறுத்தி நிறுத்திப் போகாமல், கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் பேசி நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக அனுமதி கேளுங்கள்.

திருக்கை முள்ளுக்கு, கைபொறுக்கும் அளவுச் சூடான நீரில், சுமார் 45 பாகை, காயத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாதாகையால் நீரை உங்கள் கையால் சோதியுங்கள். மார்பிலோ வயிற்றிலோ தைத்த முள்ளைப் பிடுங்காதீர்கள்.

பிரசவ வலியோடு தீவிலிருந்து புறப்படும் தாயைப் பொறுத்தவரை, பாலத்தில் ஏறும் முன்பே முடிவெடுக்க வேண்டும். தலை தெரியத் தொடங்கியிருந்தால் பாம்பன் பக்கமே ஓரமாக நிறுத்திப் பிரசவம் பார்த்துவிடுங்கள். இருவழிப் பாலத்தின் நடுவில், காற்றில், பின்னால் வண்டிகள் ஒலியெழுப்ப அதைச் செய்வது தாய்க்கும் சேய்க்கும் நல்லதல்ல. பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு தோலுடன் தோலாகச் சேர்த்துப் போர்த்துங்கள். கடற்காற்றில் ஈரமான குழந்தை மிக விரைவில் குளிர்ந்துபோகும்.

முகவரி கேட்கும்போது தெருப் பெயரை எதிர்பார்க்காதீர்கள். ‘தர்கா பக்கம்’, ‘சர்ச்சுக்குப் பின்னால’, ‘ஐஸ் கம்பெனி தாண்டி’ என்றுதான் சொல்வார்கள். பகல் பணி வாரங்களில் வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் இந்த அடையாளங்களைக் குறித்து வைத்த நோட்டு, இரவில் பத்து நிமிடத்தைக் காப்பாற்றும். கீழக்கரையில் ‘எங்க வாப்பாவுக்கு மூச்சு முட்டுது’ என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டே பேசும்போது, ‘கவலப்படாதீங்க தம்பி, வந்துட்டே இருக்கோம், யாரையாவது டார்ச்சோட தெருமுனையில நிறுத்துங்க’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

வெறும் வண்டியாகத் திரும்பும் நேரம்

நோயாளி பின்னால் இருக்கும் வரை இருவருக்கும் தூக்கம் வராது. மதுரையில் ஒப்படைத்து, படிவத்தில் கையெழுத்து வாங்கி, வண்டி காலியாகத் திரும்பும்போதுதான் அது வந்து அமுக்கும். அதிகாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை உடலின் வெப்பநிலையே தாழ்ந்து கிடக்கும் நேரம். அந்த நேரத்தில்தான் நாம் மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் இடையில் நேர்ச்சாலையில் இருப்போம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பு 0.03 தான். பகலில் தூங்காமல் இரவுப் பணிக்கு வந்த பைலட், ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண்ணயர்ந்தால் வண்டி 67 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

ஆகவே திரும்பும்போது மருத்துவ உதவியாளர் பின்னால் படுக்கக் கூடாது. முன்னால் வந்து உட்கார வேண்டும். நான் சேர்ந்த புதிதில் என்னோடிருந்த பைலட் அண்ணன், ‘தம்பி, நீ தூங்குனா எனக்கும் வந்துரும், எதையாவது பேசிக்கிட்டே வா’ என்பார். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கவனித்துக்கொண்டே வருவேன். கேட்ட கேள்விக்கு ‘ம்’ என்று மட்டும் வரத் தொடங்கினால், அல்லது வண்டி ஓரக்கோட்டை இருமுறை தொட்டால், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி 20 நிமிடம் கண் மூடச் செய்யுங்கள். 30 நிமிடத்தைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்த மந்தம் வரும். எழுந்ததும் முகம் கழுவிப் பத்து நிமிடம் கழித்தே ஓட்டட்டும். பாட்டைச் சத்தமாக வைப்பதும் கண்ணாடியை இறக்கிவிடுவதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவா.

தேநீரை இரவு 9 மணிக்கும் 1 மணிக்கும் குடியுங்கள். 3 மணிக்குப் பிறகு வேண்டாம். அதிலுள்ள காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதால், விடியற்காலைத் தேநீர் காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். முழுச் சாப்பாட்டை 7 மணிக்கே முடித்துவிட்டு, நள்ளிரவில் இட்லியோ சுண்டலோ வாழைப்பழமோ போதும். பின்னிரவுப் பரோட்டா வயிற்றிலும் கண்ணிலும் சேர்ந்து உட்காரும்.

பெண் மருத்துவ உதவியாளர்கள் பலர், வழியில் கழிப்பறை கிடைக்காது என்று இரவு முழுதும் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் அதனால்தான். எந்த மருத்துவமனையில் ஒப்படைத்தாலும் புறப்படும் முன் ஐந்து நிமிடம் தனக்கென எடுத்துக்கொள்வது அவர்களின் உரிமை. உடன் வரும் பைலட் அதைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். நிலையத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லையென்றால் சேர்ந்த முதல் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்.

நோயாளிக்குப் போட்ட ஊசி உங்களைக் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவித்து, இரண்டு மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கப் பாருங்கள். 72 மணி நேரத்துக்கு மேல் அதனால் பயனில்லை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையையும் போட்டுக்கொண்ட பிறகே வண்டியில் ஏறுங்கள்.

வீடு திரும்புதலும் பகல் தூக்கமும்

காலை 8 மணிக்கு ஒப்படைக்கும்போது மானி அளவு, தீர்ந்துபோன பொருள், பழுதானது ஆகிய மூன்றையும் வாயால் சொல்வதோடு பதிவேட்டிலும் எழுதுங்கள். மூழ்கிப்போன குழந்தையையோ உங்களைப் போன்ற வயதினரையோ அன்று கொண்டுபோயிருந்தால், அதை யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் ஏறாதீர்கள். கூட இருந்த பைலட்டிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நாட்கள் கழித்தும் அந்த முகம் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இரு சக்கர வண்டியில் வந்திருந்தால், சாவியை எடுக்கும் முன் நிலையத்திலேயே 20 நிமிடம் தூங்குங்கள். நாட்டுப்படகுக்காரர்களிடம் மீன் ஏற்ற வரும் வண்டிகளும், சாலையில் படுத்திருக்கும் ஆடுமாடுகளும், பள்ளிப் பேருந்துகளும் ஒன்றாகச் சேரும் நேரம் அது. பேருந்தில் போனால் நடத்துநரிடம் இறங்குமிடத்தைச் சொல்லி எழுப்பிவிடக் கேளுங்கள். இரவுப் பணி என்று சொன்னால் எவரும் மறுத்ததில்லை. வெயில் கண்ணில் படப்பட மூளை பகலாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் என்பதால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் 9 மணிக்குள் படுத்து, பிற்பகல் 1 மணி வரையாவது எல்லா நாளும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மாலை 4 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரத் தூக்கமாகச் சேர்க்கலாம். சன்னலுக்குக் கறுப்புத் துணி, தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர், காதுக்குப் பஞ்சு. மீன்காரி குரலும் ஒலிபெருக்கியும் நிற்கப்போவதில்லை. ஆனால் அம்மாவிடமோ மனைவியிடமோ, ‘இது எனக்கு ராத்திரி மாதிரி, ஒரு மணி வரைக்கும் எழுப்ப வேணாம்’ என்று சொல்லி, வாசல் கதவில் ஒரு துண்டைக் கட்டி வைத்தால் உறவினர்கள் பழகிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் சிவப்புத் துண்டு தொங்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூடக் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும். கைபேசியை ஒலியில்லாமல் வைத்து, வீட்டு எண்ணும் நிலைய எண்ணும் மட்டும் ஒலிக்கும்படி மாற்றிவிட்டுப் படுங்கள்.